காரியகர்த்தரும் கணக்கும்: கட்டுமான நிர்வாகத் தொழிலின் வரலாற்றைக் குறித்து ஓர் ஆய்வு

பொறியியல் கல்வி முடித்து வெளிவரும் இளைஞர்களிடம் மேற்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று வினவினால், 'புராஜெக்ட் மேனேஜ்மென்ட்' என்று விடை சொல்பவர் இன்று பலர். அந்தத் தொழில் அமெரிக்க தேசத்தில் பிறந்து, பெரிய கம்பெனிகளின் வழியாக நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு நூதன வித்தை என்னும் அபிப்பிராயமும் அவர்களிடையே பரவியிருக்கிறது. அதன் உபகரணங்களைப் பொறுத்தவரையில் அந்த அபிப்பிராயம் பெரும்பாலும் சரியே. ஆயினும், பல வகைக் கைத்தொழிலாளரை ஒரே நோக்கத்தில் சேர்த்து, பிறர் கொடுத்த பொருளைச் செலவிட்டு, ஒரு கட்டிடத்தையோ ஏரியையோ முடித்து உரியவர் வசம் ஒப்படைக்கும் பொறுப்பு என்று அதன் சாரத்தை வைத்து லட்சணம் கூறுவோமானால், அத்தொழிலின் பூர்வ சரித்திரத்தை நம் கல்வெட்டுகளிலேயே, அதிலும் காஞ்சிபுரம் வட்டாரத்திலேயே, தேடிக் காண இடமுண்டு.

இத்தொழிலுக்கு மூன்று அங்கங்கள் உண்டு. செய்யும் வேலையைப் பற்றிய சாஸ்திர ஞானம் ஒன்று. எந்த வேலை முன், எந்த வேலை பின் என்று வரிசைப்படுத்தும் திறமை மற்றொன்று. செய்ததற்கும் செலவிட்டதற்கும் கணக்கு ஒப்புவிக்கும் கடமை மூன்றாவது. முதல் இரண்டையும் உலகம் எளிதில் பாராட்டிவிடுகிறது; மூன்றாவதைக் குமாஸ்தா வேலையென்று ஒதுக்கிவிடுகிறது. ஆனால் இந்தத் தொழில் எங்கெங்கே நெடுங்காலம் மதிப்போடு நின்றதோ அங்கெல்லாம் மூன்றாவது அங்கமே அதைத் தாங்கி நின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் கண்ட வரிசை

சின்ன காஞ்சிபுரத்தின் நடுநாயகமாக விளங்கும் வரதராஜப் பெருமாள் கோயிலில், அனந்தசரஸ் புஷ்கரிணிக்கு அருகே, விஜயநகர மன்னர் காலத்தில் எழுந்த கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கால் மண்டபம் என்று ஜனங்கள் வழங்கினாலும் அதன் தூண்கள் தொண்ணூற்றாறு. குதிரை வீரரும் யாளிகளும் பாயும் அந்தத் தூண்களைப் பார்த்து வியப்பவர்கள், மேற்கூரையின் மூலைகளிலிருந்து தொங்கும் கல் சங்கிலிகளின் கீழே வந்ததும் இன்னும் சற்று நேரம் நிற்கிறார்கள். தனித்தனி வளையங்களை வார்த்துக் கோத்த சங்கிலி அல்ல அது. ஒரே கல்லுக்குள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும்படி குடைந்து எடுக்கப்பட்டது. கொடுங்கைக் கல்லை முதன்முதல் பிளந்து அளவு குறித்த அன்றே, பின்னால் சங்கிலியாகப் போகிற பகுதியை விட்டுவைக்க வேண்டும். ஒரு வளையம் உடைந்துவிட்டால் அதற்குப் பதில் வேறொன்றை மாட்ட இயலாது. முழுக் கல்லும் வீணாகும். ஆகவே, உளி பிடித்தவரின் நுண்மையோடு, எதை எப்போது செதுக்குவது, எதை எதுவரையில் தொடாமல் வைப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்த ஒருவரின் யோசனையும் அந்தச் சங்கிலியில் இருக்கிறது.

அப்படி யோசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை. கிட்டிய அபூர்வமான இடம் தஞ்சைப் பெரிய கோயில். அங்கே வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயரும், அவருக்கு அடுத்த நிலையில் நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்ற இருவர் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. தலைமை ஒருவரிடத்தில் இருக்க, அவருக்குக் கீழே பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள இருவர் இருந்தனர் என்பது இதனால் விளங்குகிறது. அரசன் தன் பட்டப்பெயரையே தச்சருக்குச் சூட்டியது எவ்வளவு பெரிய கௌரவம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே கோயிலின் வேறொரு கல்வெட்டு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. இராசராசனின் ஆட்சியாண்டு இருபத்தைந்தில் 275-ஆம் நாள், அதாவது 1010-இல், ஸ்ரீவிமானத்தின் சிகரத்தில் வைப்பதற்கு அரசன் அளித்த செப்புக்குடத்தின் எடை 3083 பலம் என்றும், அதன்மேல் வேய்ந்த பொன் தகட்டின் எடை 2926½ கழஞ்சு என்றும் அது கூறுகிறது. இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தின் உச்சியில் ஏறிய ஒரு பொருளுக்கு அரைக் கழஞ்சு வரையில் கணக்கு எழுதி, அதை யாரும் படிக்கும்படி கீழே சுவரில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அரசனே கொடுத்த பொருளாயினும் அது நிறுத்துப் பார்த்தே ஏற்கப்பட்டது.

உத்தரமேரூரின் ஏரி வாரியம்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்திலுள்ள உத்தரமேரூர், குடவோலைத் தேர்தலால் பிரசித்தி பெற்ற ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரு சாசனங்களை ஜனநாயகத்தின் தொன்மைக்குச் சான்றாக மேடைதோறும் எடுத்துரைக்கிறார்கள். அந்தப் புகழுரையில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. ஊரின் பகுதிகளான முப்பது குடும்புகளிலிருந்து சீட்டெடுத்து நியமிக்கப்பட்டவர்கள் வெறும் ஆலோசனை சபையார் அல்லர். வேலை செய்யவேண்டிய வாரியங்களின் அங்கத்தினர். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று அவர்கள் பிரிக்கப்பட்டனர். பல்லவர் காலத்திலேயே வெட்டப்பட்ட வைரமேக தடாகத்தைத் தூர்வாரி, கரையைக் காத்து, மதகைப் பழுதுபார்த்து, ஊரின் பயிருக்கு நீர் விடுவது அந்த அறுவரின் காரியம். இன்றைய பாஷையில் அவர்களைப் பராமரிப்புத் திட்டத்தின் நிர்வாகக் குழு என்று சொல்லலாம்.

அவர்களுக்கு விதிக்கப்பட்ட யோக்கியதாம்சங்களைக் கவனிக்க வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் வயது, வேத சாஸ்திரப் பயிற்சி, காரியத்தில் நிபுணத்துவம், நேர்மையாகச் சம்பாதித்த பொருள் ஆகியவை வேண்டும். பதவிக்காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படவே தகாதவர்.

உறவினரையும் விலக்கிய அந்த விதி கடுமையானது என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அதன் தர்க்கம் எளியது. மண் வேலையில் திருடுவது சுலபம்; வெட்டிய மண் கரையில் கலந்துவிட்டால் எவ்வளவு வெட்டினார்கள் என்பதை மழைக்குப் பின் யாராலும் சொல்ல முடியாது. வேலை நடக்கும்போதே எழுதி வைத்தாலொழிய வேறு சாட்சி கிடையாது. கணக்கு எழுதாதவர் திருடினாரா இல்லையா என்று விசாரித்துக்கொண்டிராமல், கணக்கு இல்லாமையையே குற்றமாக வைத்தது அந்தச் சபை.

எனினும் இந்த ஏற்பாட்டை வரம்பின்றிப் புகழ்வதும் சரித்திரத்துக்கு நியாயமாகாது. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊர். நிலமும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவரே அங்கே வாரியம் செய்யலாம். மண்ணை வெட்டிச் சுமந்தவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்ததில்லை. கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது. அது சிலருக்குள் அடங்கியிருந்தது.

ஸ்ரீகாரியம்

கோயில்களில் இந்தப் பொறுப்பு ஸ்ரீகாரியம் என்னும் பதவியாக உருவெடுத்தது. சின்ன காஞ்சிபுரத்தில் அதற்குச் சிறந்த உதாரணம் லக்ஷ்மீகுமார தாதாசாரியர். 1586 முதல் 1614 வரை ஆண்ட வேங்கடபதி தேவராயரின் ராஜகுருவாக இருந்த அவர், வரதராஜர் கோயிலின் நிர்வாகத்தை ஏற்று, விமானத் திருப்பணிகளை நடத்தியதோடு, நகருக்குத் தெற்கே தாதசமுத்திரம் என்ற பெரிய ஏரியையும் அமைத்தார். அந்த ஏரி அமைந்த ஊரே இன்று அய்யங்கார்குளம் என்று வழங்குகிறது.

தாதாசாரியர் கல் செதுக்கியவரல்லர், மண் அளந்தவருமல்லர். அரசனிடமிருந்து திரவியமும், ஸ்தபதியிடமிருந்து வேலையும், ஊராரிடமிருந்து சம்மதமும் பெற்று, மூன்றையும் ஒரு காரியமாக முடித்துக் கொடுத்தவர். பெருந்தச்சனிடம் ஞானமும், ஏரி வாரியத்தாரிடம் கணக்கும் முதன்மை பெற்றதுபோல, இவரிடம் இணைக்கும் ஆற்றல் முதன்மை பெற்றது. இன்று கட்டிட உரிமையாளரின் சார்பில் இருந்து, வடிவமைப்பாளரையும் ஒப்பந்தக்காரரையும் மேற்பார்வை செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் செய்வது ஏறக்குறைய இந்த ஸ்ரீகாரியத்தையே.

அளவுப் புத்தகம்

ஆங்கில ஆட்சி இந்தத் தொழிலைப் பரம்பரையிலிருந்து பரீட்சைக்கு மாற்றியது. 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1859-இல் சிவில் எஞ்சினீயரிங் கல்லூரியாக உயர்ந்து, பின்னர் கிண்டியில் நிலைபெற்ற ஸ்தாபனம் அதன் நாற்றங்கால். மராமத்து இலாகாவின் ஓவர்சியர் முதல் சீப் எஞ்சினீயர் வரையிலான ஏணி, உத்தியோகத்தில் படிப்படியாக உயர்வது என்னும் கருத்தை நம் கட்டுமானத் துறைக்குள் முதன்முதல் ஒழுங்காகக் கொண்டுவந்தது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை போன்ற வேலைகள் அந்த ஏணியில் ஏறியவர்களுக்குப் பயிற்சிக் களமாயின.

அந்த இலாகா நமக்கு விட்டுச்சென்ற சொத்துகளில் அதிகம் பேசப்படாதது எம்-புக் என்று எல்லாரும் வழங்கும் அளவுப் புத்தகம். பக்கங்களுக்கு வரிசையாக எண் அச்சிட்டிருக்கும். ஒரு தாளையும் கிழிக்கலாகாது. வேலை நடந்த இடத்திலேயே நீளம், அகலம், ஆழம் அளந்து, மையால் அதில் பதிவு செய்ய வேண்டும். பிழையானால் அழிக்காமல், கோடிட்டு அடித்து, சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தப் பதிவில் ஒரு பகுதியை மேலதிகாரி நேரில் வந்து மறுபடி அளந்து பார்ப்பார். அதன் பிறகே பில் பாஸாகும். மண் தோண்டும் இடத்தில் நடுநடுவே சில திட்டுகளைத் தோண்டாமல் விட்டுவைத்து, குழியின் ஆழத்தை அவற்றின் உயரத்தால் அளக்கும் வழக்கமும் இதைச் சேர்ந்ததே. வேலை முடிந்து அளவு ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே அத்திட்டுகளை வெட்டுவார்கள். உத்தரமேரூரார் அஞ்சிய அதே அபாயத்துக்கு, பத்து நூற்றாண்டுகளுக்குப் பின் வேறொரு வழியில் கண்ட பரிகாரம் அது.

நேரத்தின் சாஸ்திரம்

இருபதாம் நூற்றாண்டு சேர்த்தது நேரத்தைப் பற்றிய சாஸ்திரம். முதல் உலக யுத்த காலத்தில் ஹென்றி காண்ட் என்பவரின் பெயரால் வழங்கும் பட்டை வரைபடம் பரவிற்று. 1957-இல் டூபாண்ட் கம்பெனியின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து நெருக்கடிப் பாதை என்னும் கணக்கை உருவாக்கினர். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' என்ற முறையைக் கையாண்டது.

நெருக்கடிப் பாதையின் தத்துவத்தைக் காஞ்சிபுரத்து நெசவாளருக்குப் பாடமாகச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஒரு கல்யாணப் புடவைக்குப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகிறது. பாவு நூலுக்குச் சாயம் தோய்த்து, நிழலில் உலர்த்தி, நீட்டி ஒழுங்குசெய்து, தறியிலுள்ள பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தாக வேண்டும். அது முடியாமல் ஒரு விரல் அகலமும் நெய்ய இயலாது. ஊடை நூலுக்குச் சாயமிட்டுத் தார் சுற்றும் வேலையோ, இதற்குள் எப்போது முடிந்தாலும் போதும். ஆகவே ஊடை இரண்டு நாள் தாமதித்தால் புடவை தாமதிப்பதில்லை. பாவுப் பிணைப்பு ஒரு நாள் தாமதித்தால் முகூர்த்தத்துக்குப் புடவை கைக்கு வராது. கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் கோர்க்கும் கோர்வை நெசவில் தறிக்கு இன்னொரு கையும் தேவைப்படுவதால், உதவியாள் வராத நாள் நெசவு நின்ற நாளே. எந்தத் தாமதம் பொறுக்கத் தக்கது, எது பொறுக்கத் தகாதது என்று பிரித்தறிவதே அந்தக் கணக்கின் முழுச் சாரம். நூறு வேலைகளுக்கு இதை மனத்தால் செய்யலாம். பத்தாயிரம் வேலைகளுக்குக் கணிப்பொறி வேண்டும். வித்தியாசம் அவ்வளவே.

பரம்பரைத் தொழில் ஞானமும் இந்த நவீனக் கணக்கும் ஒன்றுகூடிய வேலைக்குத் தமிழ்நாட்டில் தக்க உதாரணம் கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை. 38 அடி பீடமும் 95 அடி உருவமும் சேர்ந்து 133 அடி உயரமுள்ள அச்சிலையை வை. கணபதி ஸ்தபதியார் அமைத்தார். கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சங்கராபுரம் ஆகிய மூன்று இடங்களில் சிற்பிகள் தனித்தனியே செதுக்கிய 3681 கற்கள், அலை மோதும் பாறைக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. அவற்றுள் பெரியவை பதினைந்து டன் எடையுள்ளவை. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்ட அச்சிலை, 2004-இன் ஆழிப்பேரலையையும் தாங்கி நின்றது. எங்கோ செதுக்கிய கல் இங்கே இன்ன அடுக்கில் இன்ன இடத்தில் அமர வேண்டுமானால், ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணும் அளவும் பதிவும் இருந்தாக வேண்டும். அந்த அளவில் ஸ்தபதியின் பணிமனையும் எஞ்சினீயரின் ஆபீஸும் ஒரே ஒழுக்கத்தையே பின்பற்றின.

இன்றைய ஏணி

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இந்தத் தொழிலுக்கு வாய்ப்புக் குறைவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொண்ணூறுகளுக்குப் பின் எழுந்த ஆலைகள், அவற்றைச் சுற்றிய குடியிருப்புகள், சாலைகள் எல்லாம் கட்டுமான நிர்வாகிகளை வேண்டுகின்றன. பட்டம் பெற்றவர் முதலில் சைட் எஞ்சினீயராகச் சேர்கிறார். சில ஆண்டுகளில் அவர் முன் மூன்று பாதைகள் பிரிகின்றன. வேலைத்தளத்திலேயே நின்று, ஆளையும் இயந்திரத்தையும் நடத்திக் கட்டுமான மேலாளராவது ஒன்று. கால அட்டவணையை வகுத்து, வாரந்தோறும் நடந்ததையும் நடக்க வேண்டியதையும் ஒப்பிடும் பிளானிங் எஞ்சினீயராவது இரண்டாவது. அளவெடுத்து, பில் தயாரித்து, ஒப்பந்த ஷரத்துகளைக் காக்கும் குவான்டிட்டி சர்வேயராவது மூன்றாவது. வடிவமைப்புத் துறையிலிருந்து வருபவர்கள், கட்டிடக்கலைஞர், அமைப்புப் பொறியாளர், மின்சாரம், குழாய் வேலை ஆகியவற்றின் வரைபடங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளும் பணியால் உயர்கிறார்கள். உத்தரம் செல்லும் இடத்திலேயே குளிர்சாதனக் குழாயையும் வரைந்திருப்பதைக் கான்கிரீட் போடுமுன் கண்டுபிடித்தால் அரை மணி நேர வேலை. போட்ட பின் கண்டால் உடைக்க வேண்டிய வேலை.

இவற்றுக்கான கல்வியும் வளர்ந்திருக்கிறது. கிண்டியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் கட்டுமான நிர்வாகத்தில் முதுகலைப் படிப்புகள் உண்டு. கட்டுமான நிறுவனங்களின் முயற்சியால் 1983-இல் தோன்றிய நிக்மார் இதற்கெனவே நடத்தப்படுகிறது. 1969-இல் அமெரிக்காவில் அமைந்த திட்ட நிர்வாகச் சங்கமான பி.எம்.ஐ. வழங்கும் பி.எம்.பி. சான்றிதழுக்கு, நான்காண்டுப் பட்டம் உள்ளவர் 36 மாதமும், அது இல்லாதவர் 60 மாதமும் திட்டங்களை நடத்திய அனுபவம் காட்ட வேண்டும். படித்துவிட்டு நேரே எழுதும் பரீட்சையன்று அது. அனுபவத்துக்கு முத்திரையிடும் பரீட்சை. சான்றிதழையே தகுதியாகக் கொண்டு, வேலைத்தளத்தில் நிற்காமலே மேலாளராக நினைப்பவர்கள் இதைக் கவனிப்பது நலம்.

கணக்கின் கடமையோ இன்று சட்டமாகவே ஆகியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வீடு வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும், வேலை முடிந்த அளவுக்கு ஏற்பவே அதை எடுக்கலாம் என்றும், அந்த அளவைப் பொறியாளர், கட்டிடக்கலைஞர், கணக்குத் தணிக்கையாளர் ஆகிய மூவரும் சான்றளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பில் குறை தோன்றினால் அதைச் சரிசெய்யும் பொறுப்பும் கட்டியவருடையதே. வேலை முடிந்ததாகக் கையொப்பமிடும் பொறியாளர், தம் பெயரையும் சேர்த்துப் பிணையாக வைக்கிறார் என்பதைக் கல்லூரிகள் இன்னும் அழுத்தமாகப் போதிக்க வேண்டும்.

யாருக்குத் திறந்த கதவு?

பரம்பரைத் தொழிலைப் பரீட்சைத் தொழிலாக மாற்றியதன் பெரும்பயன், முன்பு நுழைய முடியாதவர்களும் நுழைய முடிந்தது என்பதே. 1940-களின் முற்பகுதியில் ஏ. லலிதா, பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய மூவர் கிண்டிக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற முதற் பெண்கள் ஆயினர். அவர்களுள் திரேசியா 1971-இல் கேரளத்தின் பொதுப்பணித் துறையில் சீப் எஞ்சினீயரானார். சிற்பக் கலையிலும், 1957-இல் மாமல்லபுரத்தில் ஏற்பட்ட கல்லூரி, விஸ்வகர்மக் குடும்பத்துக்கு வெளியே பிறந்தவருக்கும் அந்த வித்தையைக் கற்பித்தது.

ஆயினும் ஒரு கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. ஒரு கொத்தனாருக்கு எத்தனை சித்தாள், ஒரு நாளைக்கு எத்தனை சதுர அடி பூச்சு, எந்த மணலில் எவ்வளவு சேதாரம் என்பதை எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் மேஸ்திரி, பட்டமில்லாத ஒரே காரணத்தால் மேஸ்திரியாகவே ஓய்வு பெறுகிறார். தறிப் பட்டறை ஒன்றின் சரக்கையும் நாளையும் ஆளையும் வாழ்நாள் முழுதும் நிர்வகித்த நெசவாளரின் அனுபவத்துக்கும் எந்த ஸ்தாபனமும் மதிப்பெண் போடுவதில்லை. ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படித்தவர்களுக்கும், படிக்காமலே தேர்ந்த மேஸ்திரிகளுக்கும், அளவுப் புத்தகம் எழுதவும் கால அட்டவணை படிக்கவும் கற்பித்து, மேற்பார்வையாளராக உயர ஒரு படியை அரசும் பெருநிறுவனங்களும் அமைத்துக் கொடுக்குமானால், வேலைத்தளத்தின் உண்மைகள் மேலே போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுவிடும் குறையும் பெருமளவு நீங்கும்.

இத்தொழிலை நாடும் இளைஞருக்கு இந்தச் சரித்திரம் தரும் யோசனை நடைமுறையானது. மென்பொருள் மாறும், முறைகளின் பெயர்கள் பத்தாண்டுக்கொரு முறை மாறும். தாம் செலவிட்ட பிறர் பொருளுக்கும், தாம் உபயோகித்த பிறர் உழைப்புக்கும், யார் எப்போது கேட்டாலும் எழுத்தில் விடை காட்டக்கூடியவரிடமே அடுத்த பெரிய காரியம் வந்து சேரும். ஆகவே முதல் வேலையில் சேரும்போது, சம்பளத்தையும் பதவிப் பெயரையும் விசாரிப்பதற்கு முன், அந்த இடத்தில் அளவெடுத்து எழுதவும் எழுதியதற்குக் கையொப்பமிடவும் தமக்கு வாய்ப்புண்டா என்று விசாரிப்பது உசிதம்.